பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசு நடுநிலைப்பள்ளிகள்: மாணவர் சேர்க்கை

தமிழ்நாட்டில் நடுநிலைப்பள்ளி என்பது 1 முதல் 8 வரை வகுப்புகள் கொண்டது. ஊர்ப்புறங்களில் இவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிகள். பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் தனி மாவட்டமானது.

மக்கள்தொகை: 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரில் 5,65,223 பேர், மாநிலத்திலேயே மிகக் குறைவு. அரியலூரில் 7,54,894 பேர். எழுத்தறிவு முறையே சுமார் 74, 71 விழுக்காடு. பெரம்பலூரில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காடு. இரு மாவட்டங்களிலும் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 920ஐ எட்டவில்லை. பள்ளி வயதை அடையும் சிறுமியரின் எண்ணிக்கையை இது குறைக்கிறது.

சேர்க்கைப் போக்கு: மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8. பிறப்பு குறைவதும், ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளின் ஈர்ப்பும், வேலை தேடி வெளியூர் செல்லும் குடும்பங்களும் சேர்க்கையைக் குறைக்கும் காரணிகள். 2013 முதல் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்கள் நலிந்த பிரிவினருக்குத் திறக்கப்பட்டதும் இக்காரணிகளில் சேரும்.

அரசு முயற்சிகள்: 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம்.