பச்சைத் தண்ணீர்: பசியாவரத்தில் ஒரு கேள்வி, கீழ்ப்பாக்கத்தில் பாதி பதில்

சில வருஷங்களுக்கு முன்னாடி, பறவை பார்க்கலாம்னு பழவேற்காட்டிலிருந்து படகில் பசியாவரம் போயிருந்தேன். ஏரிக்குள் தீவு மாதிரி கிடக்கும் மீனவர் ஊர். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது, உப்பு. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொண்டுவந்த ஆயா, நான் திறந்து கிடந்த டிரம்மை எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"இன்னாப்பா பாக்குற, பச்சையா கீதுன்னா? இது காய்ச்சி ஆற வெச்சது, குடி. காய்ச்சினா எல்லாம் செத்துடும்ல?"

"ஆமா ஆயா" என்று சொல்லிக் குடித்துவிட்டேன். படகில் திரும்பும்போதுதான் உறுத்தியது. எனக்கு அது தெரியுமா என்ன? நான் படித்தது பி.ஈ., பார்ப்பது மென்பொருள் வேலை. அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் கீழ்ப்பாக்கம்.

சென்னைக்கு ஏரித் தண்ணீர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1866இல் ஃப்ரேசர் என்ற இன்ஜினியர் போட்ட திட்டம் அது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றை மறித்து, சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். (அந்த ஆறு கடலில் சேருவது எண்ணூரில், பழவேற்காட்டுக்குக் கொஞ்சம் தெற்கே. நகரத்துக்கு என்று மறித்தது இந்தக் கழிமுகப் பக்கம் வரவேண்டிய நல்ல தண்ணீரை என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.) 1872இல் திட்டம் முடிந்தது. செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண் கால்வாய், அங்கிருந்து இரும்புக் குழாய். வடிகட்டல் எதுவும் கிடையாது. ஏரியில் இருந்ததெல்லாம் அப்படியே வீட்டுக்கு வந்தது.

இப்படியே 42 வருஷம் ஓடியது. நடுவில் 1892இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம் காலராவில் சிக்கியது, 8,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனாவும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு. ஆனால் அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. ஒரே வித்தியாசம், அங்கே தண்ணீரை மணலில் வடிகட்டினார்கள். சென்னைக்கு அந்த மணல் வடிகட்டி வந்தது 1914இல், மேட்லி என்ற இன்ஜினியரின் வேலை. தி.நகர் மேட்லி சாலை அவர் பெயரில்தான்.

நான் இவ்வளவு நாள் மணல் என்றால் சல்லடை என்றே நினைத்திருந்தேன். பாக்டீரியாவுக்கு மணலின் இடைவெளி மைதானம் மாதிரி, சுலபமாகப் புகுந்து போகும். உண்மையில் வேலை செய்வது மணலின் மேல் சில நாட்களில் படியும் வழவழப்பான ஒரு படலம். ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயரின் பொருள் 'அழுக்குப் போர்வை'. பாக்டீரியா, பாசி, அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிர்கள் எல்லாம் அதில் குடியிருக்கின்றன. மேலிருந்து மெதுவாக இறங்கும் தண்ணீரில் வரும் நோய்க் கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்ளும், தின்னப்படும், பட்டினியில் சாகும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

படலம் தடித்து அடைத்துக்கொண்டால் மேல் மணலைச் சுரண்டி எடுப்பார்கள். பளிச்சென்று சுத்தமாக இருக்கும் அந்த மணல்தான் ஆபத்தானது! படலம் மறுபடி வளரும்வரை அதில் வடியும் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணின உடனே டிராஃபிக்கைத் திறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது உடனே புரியும்.

அப்போ பச்சை நல்லதா? அங்கேதான் கதை திரும்புகிறது. 1940இல் எஸ்.வி. கணபதி என்ற ஆய்வாளர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கோயில் குளத்தில் எப்போதும் மண்டிக் கிடந்த மைக்ரோசிஸ்டிஸ் பற்றியது. பெயிண்ட் கொட்டினது போல மேலே மிதக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியா அது. நம்ம ஊர் வெயிலும், குளத்தில் சேரும் சத்தும் அதற்குச் சொர்க்கம். அதன் பல வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும் என்பது பிற்பாடு தெளிவானது.

அந்த இனத்துக்கு உறவுக்கார நுண்ணுயிர் ஒன்று 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் செய்ததைப் படித்தபோது எனக்குப் பசியாவரம்தான் ஞாபகம் வந்தது. பழங்குடி மக்கள் வாழும் தீவு, குடிக்க ஒரே ஒரு அணை. தண்ணீரில் பாசி மண்டி நாற்றம் அடிக்கிறது என்று மக்கள் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் மயில்துத்தம் போட்டுக் கொன்றார்கள். பாசி செத்தது. சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கல்லீரல் வீக்கம், வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. உயிரோடு இருந்தவரை பெரும்பகுதி நஞ்சு செல்லுக்குள் இருந்தது. கொன்றதும் செல் உடைந்து எல்லாம் தண்ணீரில் கலந்துவிட்டது.

காய்ச்சுவதும் அதே வேலையைத்தான் செய்யும். காலரா, டைபாய்டு கிருமியெல்லாம் சாகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மைக்ரோசிஸ்டிஸின் நஞ்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும், உப்பும் அப்படியே.

ஆக, நான் சொன்ன "ஆமா" பாதி பொய். அடுத்த வருஷம் போனபோது ஆயாவைத் தேடிப் போய்ச் சொன்னேன்: டிரம் ஓரத்தில் ஒட்டுகிற பாசியைத் தேய்த்துக் கழுவினால் போதும், மேலே பெயிண்ட் மாதிரி மிதந்தால் காய்ச்சியும் குடிக்காதீங்க, மொத்தமாகக் கொட்டிடுங்க. இரண்டுக்கும் வெளிச்சம் வேணும், அதனால் டிரம்மை நிழலில் வைத்து மூடி போடுங்க.

"கொட்டிடுன்னு சுலபமா சொல்ற. அடுத்த தண்ணி எப்ப வரும்னு நீயா சொல்லுவ?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மூடி காத்துல பறந்துபோச்சு, அந்தப் பலகைய எடு" என்றார். பழைய படகுப் பலகை. தூக்கி டிரம் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன்.