ஆள்களப் பெயரும் வர்த்தகரின் பொறுப்பும்

நிறுவனமொன்றின் இணைய முகவரியான ஆள்களப் பெயர் நிரந்தரச் சொத்தன்று; குறித்த காலத்திற்குப் பதியப்படும் உரிமையே. 'டொட் கொம்' முகவரியை ஆகக்கூடியது 10 வருடங்களுக்கே பதியலாம். 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் 35 டொலர் கட்டணத்தைச் செலுத்தத் தவறியமையால் ஹொட்மெயில் பாவனையாளர் பலர் மின்னஞ்சலைத் திறக்க முடியாது தவித்தனர். தொடர்பற்ற கணினி வல்லுநர் ஒருவரே அதனைச் செலுத்தினார்.

காலாவதியான 'டொட் கொம்' முகவரி, பதிவாளரின் சலுகைக் காலம் கடந்து நீக்கப்பட்டாலும், 30 நாட்களுக்குள் மேலதிகக் கட்டணத்துடன் மீட்கத்தக்கது. மேலும் 5 நாட்கள் கழிந்தால் எவரும் அதனைப் பதியலாம்.

எனவே, முகவரி வடிவமைப்பாளரின் பெயரிலன்றி நிறுவனத்தின் பெயரிலேயே பதியப்படல் வேண்டும். நினைவூட்டல் வந்துசேரும் மின்னஞ்சலும் அதே ஆள்களத்தில் தங்கியிருத்தலாகாது. முகவரி முடங்கின் நினைவூட்டலும் முடங்கும்.