அம்மா உட்காரும் பக்கம்

கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் தறி இருந்தது, கார் இருந்ததில்லை. நெய்து முடித்த பட்டுச் சேலைகளை மூட்டையாகக் கட்டி ஆரணிக்குக் கொண்டுபோவார்கள். அப்பா வண்டி ஓட்டுவார். முன்னால் தம்பி நிற்பான். பின்னால் அம்மா ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு, மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். இரண்டு கைகளும் மூட்டையைப் பிடித்திருக்கும். அவர் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காரும் பெண்ணைச் சட்டம் ஓரளவு யோசித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. மெக்கானிக் கடைகளில் 'சாரி கார்டு' என்று சொல்கிறோமே, அதுதான். ஓட்டாதவரின் உடலை மனதில் வைத்தும் வண்டியைச் செய்ய முடியும் என்பதற்கு அந்தக் கம்பி வலை ஒரு சாட்சி.

சிறிய கார்களின் வரலாற்றை அந்த இடத்திலிருந்து படிக்கவே எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற சிறிய காரின் பிறப்புக் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்கூட்டரில் போகும் ஒரு குடும்பம்: அப்பா ஓட்டுகிறார், முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது, பின்னால் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். இவர்களுக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று தோன்றியதாக ரத்தன் டாடா பலமுறை சொன்னார். 2008 ஜனவரி 10 அன்று டெல்லியில் டாடா நானோவை அறிமுகப்படுத்தினார். விலை ஒரு லட்சம் ரூபாய் என்ற பேச்சு உலகம் முழுவதும் போனது.

பொறியியல் என்ற அளவில் அது கெட்டிக்காரத்தனமான வேலை. நீளம் சுமார் 3.1 மீட்டர்தான். 624 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்து, சக்கரங்களை மூலைகளுக்குத் தள்ளியதால் உள்ளே நான்கு பேருக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. கூரை உயரம், கதவு நான்கு. சேலையோடு குனியாமல் ஏறி இறங்கலாம். இந்த வசதியைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோவின் உயரமான உடலமைப்பும் இதைத்தான் செய்தது.

செலவைக் குறைத்த இடங்களையும் பார்ப்போம். ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்று நட்டு. அடிப்படை மாடலில் ஓட்டுநர் பக்கம் மட்டும் கண்ணாடி. பின்பக்கம் திறக்கும் கதவு 2015 வரை இல்லை. மூட்டை வைக்க வேண்டுமானால் பின்சீட்டை மடக்கி உள்ளிருந்துதான் வைக்க வேண்டும். ஏர்பேக் எந்த மாடலிலும் இல்லை. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ஜியம். அவற்றில் நானோவும் ஒன்று. பின்சீட்டுப் பெண்ணைக் காட்டித் தொடங்கிய கதை இப்படி வந்து நின்றது.

அடுத்த அத்தியாயம் அரசு எழுதியது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்றது. பக்கத்து இருக்கைக்கு, அதுவும் புதிய மாடல்களில் மட்டும், 2021 ஏப்ரல் 1 முதல்தான் கட்டாயமானது. முன்பே விற்பனையில் இருந்தவற்றுக்கு இன்னும் தாமதம். இருபத்தொரு மாதங்கள் ஒரே காரின் முன்வரிசையில் இரண்டு வகை உயிர்கள் இருந்தன. நம் ஊர்களில் இடப்பக்கம் யார் உட்காருகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. விதியில் 'மனைவி' என்ற சொல் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை.

இது இந்தியாவின் தவறு மட்டுமல்ல. உலகெங்கும் மோதல் சோதனையின் அடிப்படை அளவாக இருந்தது சராசரி ஆணின் உடல். 'பெண்' பொம்மை என்று நெடுங்காலம் பயன்பட்டது அந்த உடலையே சுருக்கிய சிறிய உருவம். அமெரிக்காவில் விர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சீட் பெல்ட் போட்டிருந்த பெண் ஓட்டுநர்களுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. சராசரிப் பெண்ணின் உடலை அளந்து செய்த பொம்மை, சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண் பொறியாளரின் குழுவிடமிருந்து 2022இல்தான் வந்தது.

அளக்கும் இடத்தில் பெண்கள் ஏன் இல்லை? 1974இல் டெல்கோ நிறுவனத்தின் வேலை விளம்பரத்தில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்தது. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சுதா என்ற மாணவி (இன்றைய சுதா மூர்த்தி) அதைக் கண்டித்து ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அந்த டெல்கோதான் 2003இல் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, பிறகு நானோவைச் செய்தது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தறியில் உட்கார்ந்தவர் அப்பா. தார் சுற்றியதும் அறுந்த இழையைப் பிணைத்ததும் அம்மா. கூலிக் கணக்கில் இருந்தது ஒரு பெயர். உடன் உழைத்தவரும் உடன் பயணித்தவரும் கணக்கில் வராமல் போவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. எழுதுகிறவர் அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

இப்போது நான் ஓட்டுகிறேன். கைமாறி வந்த சிறிய கார், 2020இல் பதிவானது. ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது, இடப்பக்கம் இல்லை. வாங்கும்போது மைலேஜ் கேட்டேன், ஏசி போட்டுப் பார்த்தேன், இதைக் கேட்கவில்லை. தெரிந்த பிறகு ஆரணிக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி, முந்தானைக்கு மேல் பெல்ட்டை நானே மாட்டிவிடுகிறேன். "முன்னால உட்காந்தா ரோடு தெரியும்ல?" என்கிறார்.

அடுத்த கார் வாங்கும்போது முதலில் இடப்பக்கக் கதவைத் திறந்து பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.