அமரும் வலியும் நரம்பின் வழக்கும்

நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் வலியை மருத்துவ உலகம் நெடுங்காலமாக இடுப்பு மூட்டின் நோயாகவே கருதி வந்தது. கிரேக்கர் அதற்கு இட்ட பெயரும் இடுப்பைக் குறிப்பதே. 1764ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வைத்தியர் டொமினிக்கோ கொட்டுன்யோ, மூட்டில் நிலைகொள்ளும் வலி வேறு, நரம்பின் வழியே ஓடும் வலி வேறு எனத் தமது நூலில் பிரித்துக் காட்டினார். நோயாளி விரலால் தொட்டுக் காட்டும் பாதையே நோயின் முகவரி என்பது அன்று புலனாயிற்று.

1934இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும், முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதை நிறுவினர். அதன் பின்னர் இத்தகைய வலிக்கெல்லாம் முள்ளந்தண்டிலேயே விடை தேடும் வழக்கம் வேரூன்றியது.

ஆயினும் அந்த விடைக்குள் அடங்காத நோயாளரும் இருந்தனர். அமர்ந்தால் கவட்டுப் பகுதியில் எரிவு, எழுந்தால் தணிவு. படங்களிலோ குறையேதும் இல்லை. இத்தகையோரிற் பலர் மனநோயாளர் என ஒதுக்கப்பட்டனர். உண்மையில் அங்கே நெருக்குண்டது புடெண்டல் நரம்பாகும். அது செல்லும் ஒடுங்கிய வழி, 19ஆம் நூற்றாண்டின் அயர்லாந்து உடற்கூற்றியலாளர் பெஞ்சமின் அல்கொக்கின் பெயரைத் தாங்கியது. அவ்வழியில் நரம்பு அழுத்தப்படுவதை 1987இல் பிரெஞ்சு வைத்தியர் அமரென்கோவும் தோழர்களும் துவிச்சக்கர வண்டி ஓட்டியின் நோயாக விவரித்தனர்.

பிரான்சின் நான்ட் நகரில் 2006இல் இணக்கம் காணப்பட்டு 2008இல் வெளியான ஐந்து நியதிகள் இந்நோயைக் கண்டறியும் முறையை வகுத்தன. வலி அந்நரம்பின் எல்லைக்குள் இருத்தல் வேண்டும்; அமரும்போது மிகுதல் வேண்டும்; இரவில் உறக்கத்தைக் கலைத்தலாகாது; சோதனையில் தொடுகையுணர்வு குன்றியிருத்தலாகாது; நரம்பருகே மரப்பு மருந்தை ஊசியால் ஏற்றினால் வலி நீங்குதல் வேண்டும். உணர்வு குன்றியிருப்பின் காரணத்தை நரம்பு வேர்களில் தேடவேண்டும். சிறுநீரும் தடைப்பட்டாலோ அது அவசர நிலையாகும்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் தகும். ஐந்தில் முதல் மூன்றும் நோயாளியைக் கேட்டே அறியப்படுபவை. கதிர்ப்படங்கள் பிற நோய்களை விலக்க உதவும். வலியை அவை காட்டுவதில்லை. கொட்டுன்யோ காலத்திற் போலவே, முதற் சாட்சி நோயாளியின் சொல்லே. அதனைச் செவிமடுக்காத மருத்துவம், வழக்கைக் கேளாமலே தீர்ப்பெழுதிய நீதிமன்றத்துக்கு ஒப்பானதாகும்.