தில்லைக் கூத்தன் முதல் லக்மே வரை: உதட்டுச் சாயத்தின் கதை

சிவப்பாக இருப்பவர்களுக்கு எந்த லிப்ஸ்டிக்கும் எடுக்கும், கருப்பாக இருப்பவர்களுக்கு எதுவுமே எடுக்காது என்று ஒரு பேச்சு நம் ஊர்களில் உண்டு. (வெளுத்த தோலை நாம் 'சிவப்பு' என்றுதான் சொல்கிறோம், அதுவே ஒரு வேடிக்கை!) இந்தப் பேச்சு தப்பு என்பதற்கு 1300 வருடத்துக்கு முந்தைய சாட்சி சிதம்பரத்திலேயே இருக்கிறது.

நடராஜர் கோயிலுக்குள் கோவிந்தராஜப் பெருமாளுக்கும் சந்நிதி உண்டு. ஒருவர் செம்மேனி, மற்றவர் கருமேனி. கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகப் புராணம் சொல்லும் அப்பர், தில்லைக் கூத்தனின் மேனியைப் பவளத்துக்கும் வாயைக் கொவ்வைப் பழத்துக்கும் ஒப்பிட்டார். அதாவது சிவப்பின் மேல் சிவப்பு. ஆழ்வார்களோ அதே பவளத்தை எடுத்துத் திருமாலின் வாய்க்கு வைத்தார்கள். கரிய மேனியில் சிவந்த வாய் எவ்வளவு எடுப்பு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெருமாளுக்கு யாரும் வெளிர் ரோஸ் உதடு பாடவில்லை!

சாதாரண ஜனங்களுக்கு வெற்றிலைதான் உதட்டுச் சாயம். பாக்கின் துவர்ப்பு சுண்ணாம்போடு சேர்ந்தால் சிவக்கும். கருப்பு, மாநிறம், சிவப்பு எல்லோருக்கும் ஒரே நிறம், தேர்வு செய்யும் தலைவலி இல்லை. (பாக்கு புற்றுநோயை வரவழைக்கும் என்று இன்று தெரிந்துவிட்டதால் இதை அழகுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

தலைவலி ஆரம்பித்தது 20ஆம் நூற்றாண்டில், உலோகக் குழாயில் லிப்ஸ்டிக் வந்த பிறகுதான். அந்த நிறங்கள் வெள்ளைக்காரப் பெண்களை மனதில் வைத்துக் கலக்கப்பட்டவை. வெளிர் நிறம் கிடைப்பதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைச் சேர்ப்பார்கள். கருத்த உதட்டில் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும். குறை உதட்டில் இல்லை, கலவையில்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு அழகுச் சாமான்களுக்காக அந்நியச் செலாவணி கரைகிறதே என்று நேரு கவலைப்பட்டு ஜே.ஆர்.டி. டாடாவிடம் சொன்னார் என்பார்கள். 1952ல் லக்மே பிறந்தது. 1883ல் பாரிஸில் அரங்கேறிய ஓபரா ஒன்றின் கதாநாயகி பெயர் அது. நம் லட்சுமிதான் பிரெஞ்சு நாக்கில் அப்படி ஆனாள். கூட்டாளிகளும் பிரெஞ்சுக் கம்பெனிக்காரர்கள். அந்த வருடம் கடலூருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளிப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியே பறந்துகொண்டிருந்தது! ஜெனீவாவில் பிறந்து டாடா குடும்பத்துக்கு மருமகளாக வந்த சிமோன் டாடா 1960களில் நிர்வாகத்துக்குள் வந்து, இந்தியத் தோலுக்கும் வெயிலுக்கும் ஏற்ற சரக்கு என்று அதை வளர்த்தார். ஒரு சுவிஸ் பெண்மணி நம் மாநிறத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது பெரிய விஷயம்தான். அமெரிக்கக் கருப்பினப் பெண்களுக்கென்று 'ஃபேஷன் ஃபேர்' வருவதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் 1975ல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டு வந்தது. தோலுக்கு ஏற்ற சாயம் தேடாதே, தோலையே மாற்று என்ற வியாபாரம். 1998ல் டாடா தன் பங்கை விற்றதும் லக்மே முழுசாகப் போய்ச் சேர்ந்ததும் அதே கம்பெனியிடம்தான். மாநிறத்துக்கு லிப்ஸ்டிக்கும், மாநிறத்தைப் போக்க க்ரீமும் ஒரே முதலாளியின் கல்லாவுக்கு! அந்த 'ஃபேர்' என்ற வார்த்தை பெயரிலிருந்து போக 2020 ஆயிற்று.

கடையில் நிற்பவர்களுக்கு ஒன்று: மஞ்சள் சாயல் ஓடும் மாநிறத்துக்குச் செங்கல் நிறமும் பவள நிறமும் பொருந்தும். நல்ல கருப்புக்கு ஒயின் நிறம், மெரூன், நாவல்பழ நிறம் எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். புறங்கையில் தேய்த்துப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை, உதட்டின் சொந்த நிறம் வேறு. ட்யூப் லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்க்க வேண்டும். சிதம்பரத்தில் 1981லிருந்து நடக்கும் நாட்டியாஞ்சலியில் ஆடுபவர்களைக் கவனியுங்கள். மேனி எந்த நிறமானாலும் உதட்டில் அழுத்தமான சிவப்புதான் அதிகம். மேடை விளக்கில் வெளிர் நிறங்கள் காணாமல் போய்விடும்.