மூழ்கிய ஊரும் மூழ்கடித்த வினையும்

‘மூழ்கு’ என்னும் வினை தமிழில் நீரோடு மட்டும் நின்றுவிடுவதன்று. ஊர் வெள்ளத்தில் மூழ்கும். மனிதன் சிந்தனையில் மூழ்குவான். குடும்பம் கடனில் மூழ்கும். இது தன்வினை. இதற்குரிய பிறவினை ‘மூழ்கடி’ என்பதாம். தன்வினையில் மூழ்கியவரே எழுவாயாக நிற்பர். மூழ்கடித்தவர் வாக்கியத்தில் தோன்றார். மலையகத் தமிழரின் வரலாற்றைக் கற்போர் இவ்விலக்கண வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் கடனில் மூழ்கிக் கிடந்தனர் என்பது பலரும் கூறும் கூற்று. அக்கடன் எவ்வாறு ஏற்பட்டது? தென்னிந்தியக் கிராமங்களிற் கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் திரட்டினார். வழிச்செலவும் அதனோடு சேர்ந்து கடனாயிற்று. தொழிலாளர் வேறு தோட்டத்துக்குச் செல்வதாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் அவர்கள் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் தீராது, தோட்டம் மட்டுமே மாறும். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே, அவர்கள் கடனில் மூழ்கினர் என்பதினும் மூழ்கடிக்கப்பட்டனர் என்பதே பொருந்தும்.

இனி, நீரில் மூழ்கிய ஊரை நோக்குவோம். களனி கங்கையின் தலையாறுகளான கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அட்டன் பகுதி மலைகளினூடே பாய்கின்றன. நீர்மின் உற்பத்திக்காக முன்னையதில் காசல்ரி நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டிலும், பின்னையதில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969ஆம் ஆண்டிலும் அமைந்தன. மவுசாக்கலை நீர் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரும் சூழவிருந்த தேயிலை நிலமும் அதனுள் மறைந்தன. மேட்டு நிலத்திற் புதிய நகர் எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. மின்னொளி நாட்டுக்குப் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வொளி அண்டையிலிருந்த லயக் காம்பராக்கள் பலவற்றை எட்டுதற்கு நெடுங்காலம் சென்றது.

அவ்வணைகள் எழுந்த காலமும் ஈண்டு நோக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பள்ளத்தாக்கில் நீர் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நாலு தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் தாம் எந்நாட்டார் என்னும் வினாவில் மூழ்கியிருந்தன. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

துண்டை எழுதியதும், அணையைக் கட்டியதும், சட்டத்தை இயற்றியதும் மனிதரே. மூன்றினையும் ‘மூழ்கினர்’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடின், அவை மழைபோல் தாமே நேர்ந்தன என்னும் மயக்கம் உண்டாகும். வரட்சி வரும்போது நீர் விலகிப் பழைய மஸ்கெலியா தன்னைக் காட்டிவிடுகிறது. மறைந்த எழுவாய் அவ்வாறு தானே வெளிப்படுவதில்லை. அதனைத் தேடி எழுதுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.