படைக்குதிரைகளின் புல்வெளி

ஓசூர் என்றதும் தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஊரை ஒட்டிய மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் கால்நடைப் பண்ணையின் பழங்கதையை நாம் மறந்துவிட்டோம். 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்க அமைத்த பண்ணை அது. நூறாண்டு கழித்து, 1924-இல், கால்நடைத் துறையின் பொறுப்புக்கு வந்தது.

எல்லைக்கு அப்பால் மைசூரிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. படைத்தளவாடங்களை இழுத்த அமிருதமகால் மாடுகளுக்கென 'காவல்' என்னும் மேய்ச்சல் நிலங்களை அரசர்கள் ஒதுக்கினர். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாடுகள் ஆங்கிலேயர் வசமாயின. மாடுகளுக்காகக் காத்த புல்லில் வெளிமான்களும் பிழைத்தன. சிக்கமகளூர் மாவட்டத்துப் பாசூர் காவல் இன்று அவற்றுக்கான காப்பிடம்.

போர் அழிவையே தரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் படைக்கென ஒதுக்கிய நிலத்தில் ஏர் நுழையவில்லை, புல் தப்பியது. இன்று போர்க்களத்தில் குதிரைப்படையும் இல்லை, பீரங்கி இழுக்கும் எருதும் இல்லை. காக்கும் காரணம் மறைந்ததும், மரமற்ற வெளி என்பதால் அதனைத் தரிசென்று எண்ணத் தலைப்பட்டோம். ஆநிரை மேயும் முல்லையைத் தனித்திணையாக வகுத்த மரபினர் நாம். தொழிற்பேட்டைகள் சூழ்ந்த மத்திகிரியின் புல்லை இனி எதன் பொருட்டுக் காப்போம்?